கெபிக்கு அடியில் ஒரு முழம்

அக்டோபர் 26, ஞாயிறு

வந்திருந்தவர்கள்: பங்குச்சாமி, எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்தின் தலைவி சந்தானமேரி டீச்சர், கொழுந்தன் ரோமால்ட். வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர் கஸ்பார், மகள் டெல்பின். டெல்பினுக்கு மூன்றாம் மாதம் நடக்கிறது, ஓய்வுக்காக மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். அவள் வயிற்றில் இருப்பதையும் சேர்த்து ஏழு பேர் என்று எழுதி வைக்கிறேன்.

பூசை முடிந்து சாமி நேராக வந்து முற்றத்து மாதா கெபியை மந்திரித்தார். பக்கத்திலேயே ரோமால்டின் புதுக் கிரில் அடுப்பு நின்றது.

"சாமி, அப்படியே இதுலயும் ரெண்டு சொட்டு தெளிச்சிருங்க" என்றான்.

"அடுப்புக்கா, கோழிக்கா?"

"கோழிக்கு இனி எந்தத் தண்ணி தெளிச்சும் பிரயோசனம் இல்ல சாமி."

சாமி சிரித்துக்கொண்டே தெளித்தார். குமிழைத் திருகியதும் நீலமாகப் பற்றிக்கொண்டது. கரி வேண்டாம், சிலிண்டர் வேண்டாம். ஆகஸ்டில் கம்பெனிக்காரர்கள் சமையலறைக்கு பைப் கேஸ் கொடுத்தார்கள். அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, போன வாரம் ரோமால்டே முற்றம் வரை மண்ணுக்கடியில் கொண்டுவந்து மேலே தளக்கல் பதித்துவிட்டான். கத்தாரில் இருபது வருஷம் கேஸ் கம்பெனியில் இருந்தவன். ஸ்டோரில்தான் என்றாலும் கம்பெனி கம்பெனிதானே.

கம்பெனிக்குச் சொல்ல வேண்டாமா என்று அன்றே கேட்டேன். "சொன்னா ஆள் வந்து பாத்து, படம் போட்டு, பொங்கலும் போயிரும் மைனி" என்றான். நேர்வழியாகக் கொண்டுபோக கெபியின் அடித்தளத்தை உடைக்க வேண்டும் என்றான். கெபி என் மாமியார் காலத்தது, குகை மாதிரி சிமெண்டில் வளைத்துக் கட்டியது. மாதாவை அசைக்கக் கூடாது என்று நான் ஒரே பிடியாக நின்றேன். "சுத்திப்போனா பைப் பத்தாது மைனி" என்றான். அதெல்லாம் எனக்குத் தெரியாது என்றேன். மாலை நாங்கள் ஜெபமாலைக்குப் போய் வருவதற்குள் எப்படியோ முடித்திருந்தான். மாதா அசையவில்லை. அவருக்கே தோத்திரம்.

கோழி வாசம் தெருமுனை வரை அடித்தது என்றார் டீச்சர். ஆமாம் என்றேன்.

செலவு: கோழி, எலுமிச்சை, மெழுகுவர்த்தி ஒரு பெட்டி.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தோர் நினைவு நாள். கல்லறைக்கு மல்லிகைச் சரம் வாங்கிப் போனேன். இப்போதெல்லாம் மல்லிகையில் வாசமே இல்லை, மருந்தடித்து வளர்க்கிறார்கள். பெருங்காயமும் அப்படித்தான். கடைக்காரரிடம் கலப்படம் என்று சண்டை போட்டேன். அவர் டப்பாவைத் தம் மூக்கருகே பிடித்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நவம்பர் 7, வெள்ளி

டெல்பின் கஞ்சியைத் தொடவில்லை.

"யம்மா, அழுகின முட்டை மாதிரி ஒரு நாத்தம். உனக்கு வரலியா?"

"வாய்க்கால்ல இருந்து வரும் மக்கா. இல்லாட்டி கருவாட்டுக் களத்துல இருந்து காத்து திரும்பியிருக்கும்."

"கருவாடு எனக்குத் தெரியாதா? இது வேற. முத்தத்துல கெபிகிட்டப் போனா வருது."

மாதா காலடியில் நாற்றம் என்று சொல்லலாமா என்று அதட்டினேன். மசக்கையில் பூ வாசம்கூடக் குமட்டும். நான் இவளைச் சுமந்தபோது சோப்பு வாசம் ஆகாமல் வெறும் தண்ணீரில் குளித்தேன். என் கணவர் எப்போதும்போல மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார். அவர் மூக்கு செத்து முப்பது வருஷம் ஆகிறது.

நவம்பர் 12, புதன்

கெபியைச் சுற்றியிருந்த ரோஜாச் செடிகள் வாடுகின்றன. தண்ணீர் ஊற்றத்தான் ஊற்றுகிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மீன்காரி செசிலி கூடையோடு வந்து நின்றாள். எதிர்வீட்டுக்காரி சீலா மீன் வாங்கும் முன் என்னிடம் காட்டச் சொன்னாளாம். இந்தத் தெருவில் அது வழக்கம். எந்த நேரத்து வலையில் பட்ட மீன், ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று கூடை இறங்கும் முன்னே நான் சொல்லிவிடுவேன் என்று பேர்.

செவுளைத் திறந்து பார்த்தேன். கண்ணைப் பார்த்தேன். வயிற்றை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அப்புறம்தான் மூக்கருகே கொண்டுபோனேன்.

"என்னக்கா, முன்னல்லாம் வாசல்ல நிண்டே சொல்லிப்பிடுவிய. இப்ப டாக்டர் கணக்கா நாடி பாக்கியளே?"

"வயசாகுதுல்லா, நிதானமாப் பாப்பமே" என்றேன். நல்ல மீன் என்றும் சொன்னேன். நல்ல மீன்தான். கண் தெளிவாக இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

டெல்பின் விடுவதாக இல்லை. அவள் படுக்கிற அறையிலும் விடியற்காலையில் அந்த நாற்றம் வருகிறதாம், எழும்போதே தலை கனக்கிறதாம். ரோமால்டுக்கு அவளே போன் பண்ணிவிட்டாள்: "சித்தப்பா, கேஸ் ஒழுகுதா பாருங்க."

அவன் வந்தான். கிரில் அடுப்பின் குமிழைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தடவினான். நுரை எழும்பவில்லை. "வெளியில தெரியற ஜாயிண்ட் எல்லாம் சரியா இருக்கு" என்றான்.

"தெரியாத ஜாயிண்டு?" என்று கேட்டாள் டெல்பின்.

அவன் முகம் ஒரு நிமிஷம் மாறியது. பிறகு சிரித்தான். "எதுக்கு வாதம்? எனக்குச் சளி, மூக்கு அடைச்சுக் கெடக்கு. ஊருக்கே தெரிஞ்ச மூக்கு நம்ம வீட்டுல இருக்கு. மைனி, நீங்க சொல்லுங்க. வாசம் வருதா, இல்லியா?"

என் கணவரும் சேர்த்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கெபிப் பக்கம் போய்க் குனிந்தேன். மூச்சை நன்றாக இழுத்தேன். மாதா முகத்தையும் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

"அவ்வளவுதான். அப்பீலே கிடையாது" என்றான் ரோமால்ட். கம்பெனிப் பையன் ஆகஸ்டில், "முட்டை அழுகின வாசம் வந்தா சுவிட்சைத் தொடாதீங்க, வெளிய போயி எங்களுக்குப் போன் அடிங்க" என்றபோது, "தம்பி, எங்க வீட்டம்மா மூக்கு இருக்கும்போது உம்ம போன் நம்பர் எதுக்கு?" என்று கேட்டவர்தான் என் கணவர். இன்றைக்கும் அதே பெருமையோடு உள்ளே போனார்.

நவம்பர் 24, திங்கள்

டெல்பின் மதுரைக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் இருக்க வந்தவள்.

"வாந்தி எடுத்துட்டுக் கெடக்கேன், எல்லாம் மனசுலதான்னு சொல்லுத. நான் பொய்யா சொல்லுதேன்?"

"பொய்னு யாரு சொன்னா? உடம்பு அப்படிடீ இந்த நேரத்துல."

"என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். சரி. உன் மூக்கையே கட்டிக்கிட்டு இரு."

மாப்பிள்ளை காரில் பெட்டியை ஏற்றினார். கொடுத்த இடித்த மசாலாவையும் ஊறுகாயையும் திண்ணமாக வேண்டாம் என்று வைத்துவிட்டாள். அவள் அறையைச் சாத்தினேன். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னேன், பாதியில் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் மறுபடி தொடங்கினேன்.

நவம்பர் 26, புதன்

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கியது. ரோமால்ட் ஏணி போட்டுப் பெரிய கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டினான். கெபிக்குச் சீரியல் பல்பு. வயரை டெல்பின் அறைப் பிளக்கில் சொருகி, கத்தாரிலிருந்து கொண்டுவந்த டைமரை மாட்டினான். மாலை ஆறரைக்கு 'சடக்' என்று சத்தம் கேட்கிறது, ஸ்டார் தானாக எரிகிறது. யாரும் அறைக்குள் போக வேண்டியதில்லை. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன், திறந்தால் அவள் தலையணைதான் கண்ணில் படுகிறது.

ரோஜா முழுதும் கருகிவிட்டது. கனகாம்பரமும் புல்லும்கூட. கெபியிலிருந்து அவள் அறைச் சுவர் வரை கோடு போட்ட மாதிரி காய்ந்து கிடக்கிறது. என்ன பாவம் செய்தோம் என்று தெரியவில்லை. அமலோற்பவ மாதா திருவிழா வரை தினமும் ஒன்பது மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டேன். என் பெயரே அமலோற்பவம். என் குரலைக் கேட்காமல் இருப்பாரா?

டிசம்பர் 5, வெள்ளி

முதல் வெள்ளி. அன்பியக் கூட்டம் எங்கள் முற்றத்தில். கணக்குப்படி பதினாறு பேர். முற்றம் முழுக்கச் சாம்பிராணிப் புகை.

ஜெபமாலையில் மூன்றாம் மறையுண்மை சொல்லும்போது காற்றில் ஒரு மெழுகுவர்த்தி விழுந்தது. விழுந்த இடத்தில், இரண்டு தளக்கல்லுக்கு நடுவிலுள்ள கீறலில், விரல் நீளத்துக்கு நீலச் சுடர் ஒன்று எழுந்து நின்றது. திரி இல்லை, எண்ணெய் இல்லை, புகை இல்லை. தூறல் விழுந்தது. அணையவில்லை.

"மாதாவே!" என்று முதலில் முழந்தாளிட்டது சந்தானமேரி டீச்சர். பிறகு எல்லாரும். செசிலி அழுதாள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். "எட்டாம் தேதி திருநாள் வச்சிருக்கா, அஞ்சாம் தேதியே அடையாளம் குடுத்துட்டா பாத்தியளா" என்றார் டீச்சர்.

நானும் முழந்தாளிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நீலம் மாதாவின் நிறம். ஆனால் அந்த நீலத்தை நான் தினமும் காலையில் காப்பி போடும்போது பார்க்கிறேன்.

எழுந்து போய் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டேன். அணைந்தது.

"என்ன காரியம் செஞ்ச அமலோற்பவம்! வந்த மாதாவைச் சாக்கு போட்டு மூடுதியே!" டீச்சர் என்னை இப்படி ஒருமையில் பேசியதே இல்லை.

"பிள்ளைங்க மிதிச்சிரும்னு டீச்சர்" என்றேன்.

ஞாயிறு மாலை எல்லாத் தெரு அன்பியங்களையும் மெழுகுவர்த்தியோடு இங்கே கூட்டிவரப் போகிறார்களாம். மழை என்றால் எங்கள் ஹாலுக்குள்.

டிசம்பர் 6, சனி

காலையிலிருந்து மழை. முற்றத்தில் கணுக்காலளவு தண்ணீர். கெபியின் முன் தண்ணீரில் குமிழி வந்தது. நண்டு வளை என்று முதலில் நினைத்தேன். நண்டு இப்படி ஒரே இடத்தில், சாதம் கொதிக்கிற மாதிரி விடாமல் ஊதாது.

சமையலறைக்குப் போய், மீட்டர் பக்கத்திலுள்ள வால்வைத் திருப்பி மூடினேன். குடையோடு வந்து நின்றேன். ஒரு விசுவாசப் பிரமாணம், பத்து அருள் நிறை மந்திரம் சொன்னேன். குமிழி குறைந்து நின்றுபோனது. மறுபடி போய்த் திறந்தேன். குமிழி வந்தது. மூடினேன்.

ரோமால்டை வரச் சொன்னேன். என் கணவர் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெபிக்கு அடியில என்ன வச்சிருக்க?"

"பைப்தான் மைனி. வேற என்னத்த?"

"பைப் பத்தாதுன்னியே. பிறகு எப்படிப் பத்திச்சு?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்கதானே மாதாவை அசைக்காதன்னிய. வளைக்க முடியல. ஒரு முழம்... ஒரு முழம்தான், ரப்பர் ஓஸ் போட்டு ரெண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கிருந்தேன். மேல சிமெண்டு பூசிட்டேன்."

"மண்ணுக்குள்ள ரப்பரையா போட்ட? பெருச்சாளி திரியிற முத்தத்துல?" கேட்டது அவர். பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"ஒழுகினா வாசம் வரும்லா அண்ணே! அதுக்குத்தானே மைனியை மோந்து பாக்கச் சொன்னேன். மைனிதானே இல்லன்னாங்க!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

போன வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு எந்த வாசமும் தெரியாது.

இதைச் சத்தமாகவே சொன்னேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அவர், "மல்லிகைப்பூ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "குழம்பு?" கைப்பழக்கம் என்றேன். எழுந்து உள்ளே போனார். ரோமால்ட், வால்வு மூடித்தானே இருக்கிறது, மழை விட்டதும் தோண்டி எடுத்துவிடுவேன், கம்பெனிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் மைனி என்றான்.

வால்வின் மேல் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்துக் கஞ்சி வைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் பூசைக்கு நான் போனேன். அவர் இரண்டாம் பூசைக்குப் போகிறவர். நான் பாவசங்கீர்த்தனத்துக்கும் நின்றதால் தாமதமாயிற்று. திரும்பிவந்தபோது வீடு பூட்டியிருந்தது, அவர் கோயிலில். சமையலறையில் சிவப்பு நூல் தரையில் கிடந்தது. வால்வு திறந்திருந்தது. இரண்டு நிமிஷம்தானே என்று திறந்து டீ போட்டவர், மூட மறந்திருக்கிறார். டம்ளர் கழுவாமல் இருந்தது.

மூடிவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். மழை விடவே இல்லை, தண்ணீர் நேற்றைவிட உயரம். ஆனால் ஒரு குமிழிகூட இல்லை. மாதா காத்தார் என்று அங்கேயே கைகூப்பினேன். இருந்தாலும் மனது கேட்கவில்லை. கம்பெனியின் அவசர நம்பருக்குப் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்மா திறந்திருந்துச்சு?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

"ரெண்டு மணி நேரம் இருக்கும். ஆனா குமிழி வரல தம்பி. நேத்துதான் வந்துச்சு."

அவர் அவசரமாகச் சொன்னார்:

"அம்மா, குமிழி வந்தா மேல வருதுன்னு அர்த்தம். மண்ணு முழுக்க ஊறிட்டா மேல வர வழியிருக்காது. காஞ்ச மண்ணு எங்க இருக்கோ அங்க போகும். காஞ்ச மண்ணு வீட்டுக்கு அடியிலதான் இருக்கும். உடனே எல்லாரும் வெளிய வந்துருங்க. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சாத்தியிருக்கிற ரூம் ஏதும் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அதைத் திறக்காதீங்க. அந்த ரூமுக்குள்ள இதுக்கு முன்னால வாசம் வந்துச்சா? மண்ணு வழியா வந்தா வாசம் குறைஞ்சு போகும், அதனால லேசா வந்திருந்தாலும் சொல்லுங்க. யாராவது உறுதியாச் சொல்ல முடியுமா?"

ஒருத்தி சொன்னாள் என்றேன். நாங்கள்தான் கேட்கவில்லை என்றும் சொன்னேன். படுக்கிற அறையிலும் என்று அவள் ஒரு தடவை சொன்னது நினைவிருக்கிறது. எந்த மூலையில் என்று நான் கேட்டிருந்தால்தானே தெரியும்.

மழையில் பாலத்தின்மேல் தண்ணீர் போகிறதாம், காலையிலேயே கிளம்பிய அவர்கள் வண்டி சுற்றி வருவதால் இன்னும் வந்து சேரவில்லை. கரண்ட் ஆபீசுக்கு ரோமால்டை விரட்டினேன், கம்பத்திலேயே இணைப்பை எடுக்கச் சொல்ல. லைன்மேன் எங்கேயோ கம்பம் சாய்ந்த இடத்தில் நிற்கிறாராம். அவன் அங்கேயே தேடிக்கொண்டு நிற்கிறான்.

கேட்டைப் பூட்டிவிட்டேன். கோயிலிலிருந்து வந்த என் கணவர் எதிர்வீட்டுக் கூரைக்குக் கீழே ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து மூக்குப்பொடி டப்பாவை மூடி மூடித் திறக்கிறார். அக்கம்பக்கத்து இரண்டு வீட்டாரையும் வெளியேற்றியாயிற்று. சந்தானமேரி டீச்சர் முதல் ஆளாக மெழுகுவர்த்திக் கட்டோடு வந்தார்.

"மாதா கூப்பிட்டிருக்கா. கேட்டை அடைக்க நீ யாரு?"

"டீச்சர், அன்னைக்கு எரிஞ்சது மாதா இல்ல. எங்க வீட்டு கேஸ்."

"நல்ல வாயால சொல்லு!"

"அணைச்சுருங்க டீச்சர். கையில இருக்கறதை முதல்ல அணைச்சுருங்க."

அவர் என்னையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஊதி அணைத்துவிட்டு, தெருமுனையில் நின்று மற்றவர்களை மறிக்கப் போயிருக்கிறார். அங்கே சத்தம் கேட்கிறது. எல்லாரும் அவர் பேச்சைக் கேட்பார்களா தெரியவில்லை.

இப்போது மணி ஐந்தே முக்கால். குடைக்குக் கீழே இந்த நோட்டை வைத்து எழுதுகிறேன். அந்த டைமர் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆறரைக்கு அந்த அறைக்குள் 'சடக்' என்று விழும், அந்த ஒரு பொறி போதும். மறுபடி போன் பண்ணிக் கேட்டேன். அறைக்குள் கேஸ் வந்திருக்க வாய்ப்பே இல்லையென்றால், வராந்தாவிலுள்ள மெயினை அணைத்துவிட்டு வரலாமாம். வந்திருக்குமென்றால் வராந்தாப் பக்கமே போகக் கூடாதாம், தெரு ஆட்களை இன்னும் தூரம் தள்ளி நிறுத்த வேண்டுமாம்.

டெல்பினுக்கு நான்கு முறை அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை. கீழே எழுதுவதைத்தான் அவளுக்கு அப்படியே அனுப்புகிறேன்.

மக்கா, அம்மா எழுதுகிறேன். நீ சொன்னது உண்மை. எனக்கு ஒரு வருஷமாக வாசம் தெரியாது, வெட்கப்பட்டு மறைத்தேன், உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். அதற்கு நீ பிறகு என்னைத் திட்டு. இப்போது ஒன்றுதான் வேண்டும். அந்த நாற்றம் உன் அறைக்குள் எந்தப் பக்கமிருந்து வந்தது? ஜன்னல் வழியாக முற்றத்திலிருந்தா, இல்லை கட்டிலுக்குக் கீழே தரையிலிருந்தா? தரையிலிருந்து என்றால் இப்போதும் அறைக்குள் கேஸ் வந்திருக்கும். ஜன்னல் சாத்தியிருந்தபோதும் வந்ததா? அப்பாவும் நானும் வெளியேதான் நிற்கிறோம். ஆறரைக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். சீக்கிரம் பதில் சொல்லு.